சனிக்கிழமை வாசிப்பு

என்னை அந்த வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், எனக்குச் சரளமாக வாசிக்க வராது என்பதுதான்.

தொண்ணூற்றேழாம் வருடம். எனக்கு இருபத்தேழு வயது. ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு மலைமேல் ஏலத்தோட்டத்தில் களை எடுத்தேன். கூடலூரிலிருந்து குமுளிக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் பின்னால் தொங்கிக்கொண்டு போனேன். கல்குவாரியில் வெடி வைக்கிறவருக்குக் கையாளாக இருந்தேன். அங்கே இடது கைச் சுண்டுவிரலில் பாதி போயிற்று. எந்த வேலையிலும் எட்டு மாதம் தாண்டியதில்லை. யாரும் விரட்டவில்லை, எனக்கே கால் நிற்காது. அந்த வருடம் திராட்சை லாரியில் லோடுமேனாக இருந்தேன். மதுரையில் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது லாரிக்காரர் காகித பண்டல்களை ஏற்றிக்கொண்டார். உத்தமபாளையத்தில் ஓர் அச்சகத்தில் இறக்க வேண்டும்.

கீழே கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடிக்கிற சாதாரண அச்சகம். மாடியில் மாதம் ஒரு படக்கதைப் புத்தகம் தயாரானது. எல்லாம் வெளிநாட்டுக் கதைகள். குதிரை, துப்பாக்கி, மணல்காடு. படத்தில் ஆட்கள் பேசுவது எழுதியிருக்கும் வட்டத்துக்கு அங்கே பலூன் என்று பெயர். பலூனுக்குள் இருக்கும் அந்நிய எழுத்தை வெள்ளைப் பெயிண்ட் பூசி மறைத்துவிட்டு, அதே இடத்துக்குள் தமிழை எழுதி அச்சடிப்பார்கள். முதலாளி தென்னந்தோப்புக்காரர். சின்ன வயதிலிருந்து படக்கதைப் பைத்தியம். தோப்பில் வருவதை இந்த மாடியில் போட்டார்.

பண்டல்களை மாடி ஏற்றி முடித்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில் ஒரு கழிவுத் தாள் கிடந்தது. எடுத்து விரல் வைத்து வாசித்தேன். உதடு அசையாமல் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு பலூனில் நின்றுவிட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "எங்கன நின்ன?"

அவர்தான் ஆசிரியர். ஐம்பதை நெருங்கும் வயது, தேவாரத்துக்காரர். வெளியூர் அச்சகங்களில் இருபது வருடம் படக்கதை வேலை பார்த்துவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்பியவர். நான் நின்ற இடத்தைக் காட்டினேன். அவர் பென்சிலால் இரண்டு சொல்லை அடித்தார். ஒரு சொல்லை முன்னால் நகர்த்தி அம்புக்குறி போட்டார். "இப்ப வாசி" என்றார். தண்ணீர் மாதிரி ஓடியது.

"படிச்சவனுக்கு இதெல்லாம் இடறாது. தாண்டிப் போயிருவான். எனக்கு இடறுற ஆளு வேணும். நாளைக்கு வா."

கல்குவாரியில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பாறையைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் பிளக்கும் என்று சாக்பீஸால் கோடு போடுவார். பாறை அந்தக் கோட்டில்தான் பிளக்கும். ஆசிரியர் வாக்கியத்தை அப்படித் தட்டிப் பார்த்தார். "நான் இந்த நேரத்தில் இங்கே வருவேன் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய் அல்லவா?" என்று மொழிபெயர்ப்பில் வந்திருக்கும். பலூனோ கொய்யாப்பழம் அளவு. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கதவில் நிற்பவனின் சிரிப்பு, உட்கார்ந்திருப்பவனின் கையிலிருந்து நழுவும் தம்ளர். கடைசியில் "நான்தான்" என்று மட்டும் எழுதுவார். படம் சொன்னதை எழுத்து திரும்பச் சொல்லக் கூடாது என்பார். வாய் பிளந்து நிற்பேன்.

ஒரு முறை இரண்டு பக்கத்தை அடைத்து மலை வெடிக்கிற காட்சி. மொழிபெயர்ப்பில் பெரிய எழுத்தில் 'டமார்' என்று இருந்தது. நான் குவாரியில் இருந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டு, வெடி எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கிட்டத்தில் நிற்கிறவனுக்குச் சத்தமே கேட்காது, நெஞ்சில் ஒரு ஆள் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும், பிறகு காது அடைத்துவிடும், சத்தமெல்லாம் தூரத்தில் இருக்கிறவனுக்குத்தான் என்றேன். அவர் அந்த 'டமாரை' அழித்துவிட்டு இரண்டு பக்கத்தையும் சத்தமில்லாமல் விட்டார். அடுத்த பக்கத்தில், எங்கோ தொலைவில் ஆடு மேய்க்கிறவன் நிமிர்ந்து பார்க்கும் சின்னக் கட்டத்தில் பொடி எழுத்தில் 'டம்' என்று போட்டார். அதைப் பார்த்தபோது எனக்குக் கை மயிரெல்லாம் நின்றது. என் விரலைக் கொண்டுபோன அந்த வேலையில் இப்படி ஒன்று இருந்தது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைப் பற்றி வாசகர்களிடமிருந்து மாதக்கணக்கில் கடிதம் வந்தது. கால் நிற்காத நான் அந்த மாடியில் நான்கு வருடம் இருந்தேன் என்றால் இதனால்தான்.

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் எழுத்து வேலை முடிந்த சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் பைண்டிங் அறையில் கூட வேண்டும். ஆறு பெண்கள் அங்கே தாள் மடித்துத் தைப்பார்கள். அவர்களை மேய்ப்பது முதலாளியின் மனைவி. முதலாளியும் டீயோடு வந்து உட்காருவார். நான் நடுவில் உட்கார்ந்து புத்தகம் முழுவதையும் முதல் பலூனிலிருந்து உரக்க வாசிப்பேன். ஆசிரியர் எங்களுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எழுதி முடித்த பக்கத்தை அதற்கு முன் அவர் பார்க்க மாட்டார். பார்த்துவிட்டால் காது கெட்டுவிடும் என்பார். வாசிப்பதற்கு எனக்குச் சில விதிகள் இருந்தன. எழுத்து சின்னதாக இருந்தால் குரலும் சின்னதாக வேண்டும். வெற்றுப் பலூன் வந்தால் ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்க வேண்டும். அவர் சொல்லாமல் நான் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும், "எங்க இடறுது?" என்று கேட்பார். யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பைண்டிங்கில் மூத்த அம்மா ஒருவர், எதற்கும் வாயடைக்காதவர், "ஏஞ்சார், சாகப் போறவன் இம்புட்டா பேசுவான்? எங்க மாமனாரு தண்ணின்னுகூட முழுசாச் சொல்லல" என்பார். அந்தப் பலூனில் பாதி போய்விடும்.

அந்தச் சின்ன எழுத்தையும் பெரிய எழுத்தையும் எழுதியது ஒரு பெண். கோம்பையிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவர். அப்பா அம்மா இல்லை, திராட்சை போட்டிருந்த அண்ணன் வீட்டில் இருந்தார். திராட்சைப் பெட்டிகளில் கமிஷன் கடைப் பெயர் எழுதிக்கொண்டிருந்த கையைப் பார்த்துத்தான் ஆசிரியர் அழைத்து வந்தார். கோடு போடாமல் எழுதுவார். கோபக்காரன் பேசினால் எழுத்து முன்னால் சாயும். கிழவன் பேசினால் கால் வாங்கிய எழுத்தெல்லாம் லேசாக நடுங்கும். ரகசியம் என்றால் பெரிய பலூனின் நடுவில் எறும்பு மாதிரி நான்கு எழுத்து. யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆசிரியரே அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். இரண்டு பெரிய வேலைக்காரர்கள் ஒரே மாடியில் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

தேவாரம் பஸ் கோம்பை வழியாகத்தான் வரும். அதனால் இருவரும் ஒரே பஸ். அந்த அண்ணன் சில நாள் அதில் வருவார். ஆசிரியரைக் கண்டதும் எழுந்து இடம் கொடுப்பார். தங்கச்சியைப் படித்தவர் ஒருவரின் கீழே வேலைக்கு விட்டிருப்பதில் அவருக்குப் பெருமை.

மாடியில் ஓர் இருட்டறை இருந்தது. எழுதிய பக்கத்தைக் கேமராவில் பிலிமாக எடுத்துக் கழுவும் இடம். வேலை நடக்கும்போது வெளியே சிவப்பு பல்பு எரியும். எரியும்போது யாரும் கதவைத் தொடக் கூடாது. கீற்று வெளிச்சம் பட்டாலும் பிலிம் பாழ். கேமராக்காரர் வேலையை விட்டுப் போன பிறகு ஆசிரியரே அந்த வேலையையும் செய்தார். எழுத்து பிலிமில் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று எழுதியவரே பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட ஆரம்பித்தார். அவ்வளவு நுணுக்கமானவர் அப்படிக் கேட்டதில் எங்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பெண் என்னிடம் வந்தார். கையில் மை கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அண்ணே, நான் உள்ள இருக்கிறப்ப நீங்க கதவுக்கு வெளிய நின்னு இருமிக்கிட்டே இருக்கீகளா?"

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது. புரிந்ததை அங்கேயே குழாயடியில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று பார்த்தேன். இரண்டு நாள் நின்று இருமினேன். மூன்றாம் நாளிலிருந்து, பல்பு எரிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆசிரியர் என்னைத் தேனிக்கு மை வாங்க, பிலிம் வாங்க என்று அனுப்பினார். நான் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, அவர் வெடிச் சத்தத்தை அழித்த பக்கத்தை நினைத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவர் இப்படிச் செய்வாரா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். அப்படிப்பட்டவர்தான் இப்படியும் செய்தார். அது என் மண்டையில் ஏற நாளாயிற்று.

பிறகு அந்தப் பெண் இருட்டறைக்குள் போவதை நிறுத்திவிட்டார். கூப்பிட்டால், "இங்கன இருந்தே பாத்துக்கிறேன் சார்" என்பார். அந்த வாரத்திலிருந்து, வாசிப்பு முடிந்து பிலிமுக்குப் போன அவருடைய பக்கங்கள் திரும்பி வர ஆரம்பித்தன. எழுத்தில் உயிர் இல்லை என்றார் ஆசிரியர். ஒரே பக்கத்தை மூன்று தடவை, நான்கு தடவை எழுத வைத்தார். கை கெட்டுப்போயிற்று என்று முதலாளியிடம் சொன்னார். மதுரையிலிருந்து வேறு ஆள் வரப்போகிறது, இந்தப் புத்தகம் முடிந்ததும் இந்தப் பெண்ணை நிறுத்திவிடலாம் என்று பேச்சாயிற்று. முதலாளி வருத்தப்பட்டார். ஆனால் ஆசிரியர் சொல்லை அவர் தட்டியதில்லை.

நான் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். வீட்டில் சொல்லிவிடு தாயி, அண்ணன் வந்து கேட்கட்டும் என்றேன்.

அவர் பேனாவைத் துடைத்து மூடினார். "வீட்டுல சொன்னா அவர ஒண்ணும் செய்ய மாட்டாகண்ணே. என்னைய நிறுத்திருவாக. அப்புறம் பெட்டி எழுதக்கூட அனுப்ப மாட்டாக. எனக்கு இந்த வேல வேணும். அவர்தான் நிக்கணும், நான் நிக்கக் கூடாது."

விஷயம் அவ்வளவுதான். இந்தப் பள்ளத்தாக்கில் பலூனுக்குள் எழுதுகிற வேலை அந்த ஒரு மாடியில்தான் இருந்தது. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். நானாக இருந்தால் வேறு ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன். அதுதான் எனக்குத் தெரிந்த வழி. அவர் அன்றைக்கு மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்த மாதத்து வாசிப்புச் சனிக்கிழமை வந்தது. கதை ஒரு மணல்காட்டு ஊரில் நடக்கிறது. சத்திரம் நடத்துகிற ஒரு பெண், அந்த ஊருக்குக் காவல் அதிகாரியாக இருக்கும் ஒருவன். வழக்கம்போல ஆசிரியர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பெண்கள் மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசித்துக்கொண்டு போனேன். புத்தகத்தின் பின்பாதியில் அந்த அதிகாரி சத்திரத்துக்குள் வருகிறான், பெண் தனியாக இருக்கிறாள். நான் அதிகாரியின் பலூனை வாசித்தேன்.

"பல்பு எரியுது. எவனும் கதவத் தொறக்க மாட்டான்."

மணல்காட்டில் பல்பு ஏது என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவுதான். என் கண் எழுத்திலேயே இருக்கும், அர்த்தம் பின்னால்தான் வரும். அடுத்து சத்திரத்துப் பெண்ணின் பலூன்.

"வேணாம் சார்."

எங்கள் புத்தகத்தில் யாரும் யாரையும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. தாளிலிருந்து கண்ணை எடுத்து அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் கெஞ்சவில்லை. அடுத்த பலூனுக்குக் காத்திருந்தார். நான் குரலை உயர்த்திக்கொண்டு மேலே வாசித்தேன்.

"கத்துனயின்னா பிலிமுதான் கெடும். நட்டம் முதலாளிக்கு."

"வேணாம் சார்." முதலில் இருந்ததைவிட எழுத்து சின்னது. விதிப்படி என் குரலும் சின்னதாயிற்று.

"ஒங்கண்ணன் என்னையப் பாத்தா எந்திரிச்சு நிக்கிறான். அவங்கிட்டயா சொல்லப் போற?"

"வேணாம் சார்." அது இன்னும் சின்னது. நான் முணுமுணுத்தேன். தாள் மடிக்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்று, அந்த முணுமுணுப்பு அறை முழுவதற்கும் கேட்டது.

"இந்தக் கைய எழுத வச்சது யாரு? நான் நிறுத்துனா நின்னுச்சு."

அதற்கு எதிரே அந்தப் பெண்ணின் பலூன் வெறுமையாக இருந்தது. வெள்ளை பூசி, காய்ந்து, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது. நான் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறேன், இதைப்போல ஒன்றைக் கேட்டதில்லை.

இந்த இடத்தில் ஆசிரியர் கேட்க வேண்டும். அவர் கேட்கவில்லை. முதுகு அசையவில்லை. காது மட்டும் பின்னாலிருந்து பார்க்கவே சிவந்திருந்தது. முதலாளியின் மனைவிதான் கேட்டார்.

"எங்கயாச்சும் இடறுச்சாப்பா?"

"இல்லக்கா. எங்கயும் இடறல."

"சார், இங்கிட்டுத் திரும்பி உக்காருங்க" என்றார் அந்த அக்கா.

ஆசிரியர் எழுந்தார். கதையில் இல்லாததையெல்லாம் இந்தப் பெண் எழுதி வைத்திருக்கிறது, புத்தி சரியில்லை, நான்தான் ஏற்கெனவே சொன்னேனே என்று முதலாளியைப் பார்த்துப் பேசினார். பேசப் பேசச் சொற்கள் நீண்டுகொண்டே போயின. அவரே கேட்டிருந்தால் பாதியை வெட்டியிருப்பார்.

அந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "கதையில இல்லதான் சார். நீங்க சொன்னது. ஒரு சொல்லு கூட்டல, கொறைக்கல."

யாரும் ஆசிரியரின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். சாரும் நானும் கீழே போய்ப் பேசிக்கொள்கிறோம் என்றார்.

"கீழ எதுக்கு? மேல நடந்ததுதான" என்றார் மனைவி. "சார் இனிமே இந்த மாடிக்கு வர வேணாம்."

"அப்ப புத்தகம்?"

"வாரப்ப வரட்டும்."

முதலாளி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஆசிரியர் மேஜையிலிருந்து தன் பென்சில்களை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். யாரும் அவரைத் திட்டவில்லை. அந்தப் படிகளில் அவர் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்தது. அது யாருக்காக என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடம் போய், குழாயடியில் கேட்ட அன்றைக்கே நான் ஏதாவது செய்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. "நீங்க ரெண்டாவது பலூன்ல நிறுத்தியிருந்தீகன்னா நான் செத்தேன். நிறுத்தல. போதும்ணே" என்றார். அதற்குள் அந்தப் பக்கங்களை மறுபடி வெள்ளை பூசி, கதையின் உண்மையான பேச்சை எழுதிக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பு பலூனுக்குள் அடங்கவில்லை. கேட்க ஆசிரியர் இல்லை. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எட்டுச் சொல்லில் ஐந்தை அடித்தார். நான் வாசித்துப் பார்த்தேன். ஓடியது.

எனக்கு இன்னும் நம்ப முடியாத ஒன்று இருக்கிறது. அந்த அறையில் ஆறு பெண்கள் இருந்தார்கள். ஆளுக்கு ஓர் ஊர். கோம்பையில் மாடு கன்று போட்டால் மத்தியான பஸ்ஸுக்குள் கம்பத்தில் தெரியும் பள்ளத்தாக்கு இது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் படி இறங்கும்போது அந்த வாயடைக்காத மூத்த அம்மா நின்று திரும்பி, "ஏத்தா, இன்னைக்கு நாம ஒண்ணும் கேக்கல. என்ன?" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவ்வளவுதான் பேச்சு. அது வெளியே போகவில்லை. புருஷனிடம் போகவில்லை, அக்காள் தங்கச்சியிடம் போகவில்லை, சண்டை வந்து ஒருவருக்கொருவர் பேச்சை நிறுத்திக்கொண்ட மாதங்களிலும் போகவில்லை. மலையைப் பிளப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரியது இது.

ஆனால் அந்த மௌனம் ஆசிரியரையும் காப்பாற்றியது. அதையும் சொல்ல வேண்டும். புத்தகத்தில் ஆசிரியர் என்று அவர் பெயரே தொடர்ந்து வந்தது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் புத்தகம் விற்காது என்று முதலாளி பிடிவாதமாக இருந்தார். பக்கங்கள் பஸ் கண்டக்டர் மூலம் தேவாரத்துக்குப் போய், திருத்தி வந்தன. பிறகு தாமதமாக வந்தன. பிறகு திருத்தாமலே வந்தன. அந்தப் பெண்ணே திருத்தினார். வாசகர்கள் அந்த வசனங்களைப் பாராட்டி ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள். எனக்கு எரிச்சல் தாங்காது. அந்தப் பெண் கடிதங்களைப் படித்துவிட்டு, "பேரு கெடக்கட்டும்ணே, வேல எங்கிட்ட இருக்கில்ல" என்பார். இருட்டறைக்கு வேறு ஆள் வந்தார். தினமும் அதே பஸ்ஸில்தான் அந்தப் பெண் வந்தார். பஸ்ஸை மாற்றிக்கொண்டது ஆசிரியர்தான்.

நான் இரண்டாயிரத்து ஒன்றில் கிளம்பிவிட்டேன். கால் மறுபடி அரிக்க ஆரம்பித்திருந்தது. மூணாறில் கட்டட வேலை, திருப்பூரில் சாயப்பட்டறை, நடுவில் ஒரு வருடம் படுக்கையில் கிடந்த காய்ச்சல். போகிற ஊரில் பழைய புத்தகக் கடை இருந்தால் எங்கள் புத்தகத்தைத் தேடுவேன். பின்னால் ஒரு நாள், ஈரோட்டில் என்று நினைவு, புதிய இதழ் ஒன்றைப் பிரித்தால் ஆசிரியர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடை வாசலில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.

இரண்டாயிரத்துப் பத்தில் ஊர்ப்பக்கம் வந்திருந்தபோது, தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய ஆசிரியருக்குப் பாராட்டு விழா என்று சொன்னார்கள். அவர் செய்த கதைகளைச் சிறு வயதில் படித்து வளர்ந்த பிள்ளைகள் நடத்தினார்கள். அவரிடம் வேலை பார்த்த முதல் வாசகன் என்று என்னைக் கண்டுபிடித்து, மேடையில் இரண்டு வார்த்தை பேசக் கேட்டார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. நேராக உத்தமபாளையம் மாடிக்குப் போனேன்.

அந்தப் பெண்ணே ஆசிரியர் நாற்காலியில் இருந்தார். மேஜையில் இப்போது கம்ப்யூட்டர் இருந்தது. முடியில் கொஞ்சம் நரை. விஷயத்தைச் சொல்லி, மேடையில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அந்த வெடிச் சத்தக் கதையச் சொல்லுங்கண்ணே. அது பொய் இல்லையே. அவரு பெரிய வேலக்காரரு. அதுவும் உண்மதான். மத்தது என்னோடது. நானே சொல்லணும்."

அப்படியே செய்தேன். வெடிக் கதையைச் சொன்னேன், கை தட்டினார்கள். மாலையோடு உட்கார்ந்திருந்தவர் நான் பேசி முடிக்கும்வரை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்து, வேறு ஏதாவது சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன் என்றார். "அது எனக்குச் சொந்தமில்ல சார்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து நான் திரும்ப மலையேறும் முன் அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் சாதாரணமாகச் சொன்னார், விழாப் படம் பேப்பரில் வந்த அன்றே அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அண்ணன் மகள் அந்த வருடம் வேலைக்குப் போகிறாள். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சொன்னாராம். அண்ணன், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாராம்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இன்னைக்கு எங்கன உக்காந்திருப்பேன்னு கேட்டேன்." திரையிலிருந்த பக்கத்தில் ஒரு பலூனைப் பெரிதாக்கி, ஒரு சொல்லை நீக்கிப் பார்த்தார். திரும்பப் போட்டார். மறுபடி நீக்கினார். "இப்ப நீங்களும் சொல்லலாம்ணே. பேரு மட்டும் வேணாம்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.